நோட்பேட்++ தேடலில் பீப் வரவில்லையா?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்து டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகை மேட்டரையும் கோயில் புள்ளிப் பட்டியலையும் (கோயிலைச் சேர்ந்த நகரத்தார் குடும்பங்களின் பட்டியல்) முதலில் நோட்பேட்++ மாதிரி ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் அடித்துத் திருத்திவிட்டு, பிறகு லேஅவுட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம். ஃபாண்ட், பார்டர், டிசைன் எதுவும் குறுக்கே வராது. எழுத்து மட்டும்தான் கண்ணில் படும். ஆனால் இந்த வேலையில் கண் பெரும்பாலும் கைப்பிரதியில்தான் இருக்கும். பெயரைத் தேடுவோம், எஃப்3 தட்டுவோம், சத்தம் வராவிட்டால் கிடைத்துவிட்டது என்று அடுத்த வரிக்குப் போவோம். "தேடியது இல்லை" என்று சொல்லும் அந்தச் சின்ன பீப்பை நம்பித்தான் இத்தனை வேகம். அது நின்றுபோனால் யாரும் உடனே கவனிப்பதில்லை. பத்திரிகை அச்சாகி, "தம்பி, ஐயா பேருக்கு முன்னால இனிஷியலே மாறிக் கெடக்கே" என்று பெண் வீட்டார் வந்து நிற்கும்போதுதான் தெரியவரும்.

பீப் வராததற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று, எடிட்டர் ஒலி எழுப்பச் சொல்கிறது, அது காதுக்கு வந்து சேரவில்லை. இன்னொன்று, எடிட்டர் ஒலி கேட்கவே இல்லை. ஏனென்றால் அது எதையோ கண்டுபிடித்துவிட்டது. இந்த இரண்டையும் பிரிக்காமல் ஸ்பீக்கரை மாற்றுவது, டிரைவரை அழித்துப் போடுவது எல்லாம் வெட்டி வேலை.

பிரிப்பதற்கு ஒரு சோதனை போதும். கண்ட்ரோல் + எஃப் அழுத்தி, தேடும் பெட்டியில் "ஃஃஃஃ" என்று நான்கு ஆய்த எழுத்து அடியுங்கள். எந்தப் பத்திரிகையிலும் பட்டியலிலும் அது இருக்காது. "ராப் அரவுண்ட்" டிக் ஆகியிருக்கட்டும். "ஃபைண்ட் நெக்ஸ்ட்" கொடுங்கள். பெட்டியின் அடியில் சிவப்பு எழுத்தில், தேடிய சொல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். கூடவே பீப் வர வேண்டும். சிவப்பு வரி வந்து ஒலி வரவில்லை என்றால் கோளாறு ஒலிப் பக்கம். இரண்டும் வந்தால் ஒலியில் குறை இல்லை; தேடும் முறையில்தான் பிழை. அதைக் கடைசியில் சொல்கிறேன். தமிழ் மேட்டரில் அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

சோதனையை "ரீப்ளேஸ் ஆல்" வைத்துச் செய்யாதீர்கள். அது ஒன்றையும் மாற்றாவிட்டாலும் பீப் கொடுக்காது, 0 இடங்களில் மாற்றப்பட்டது என்று அடியில் எழுதிக்காட்டும், அவ்வளவுதான். "கவுண்ட்" பட்டனும் அப்படியே. ஆகவே மொத்தமாக மாற்றும்போது அந்த எண்ணைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஒலி தொலைந்திருந்தால்

முதலில் எடிட்டருக்குள்ளேயே பாருங்கள். செட்டிங்ஸ் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ், இடப்பக்கப் பட்டியலில் கடைசிப் பக்கமாக "மிஸ்க்" என்றிருக்கும். அதில் "மியூட் ஆல் சவுண்ட்ஸ்" என்ற பெட்டி டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த அமைப்பு பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் சேமிக்கப்படுகிறது. ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காக அமைத்துவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே மற்ற கம்ப்யூட்டர்களுக்கு காப்பி செய்கிற கடைகளில், ஒருவர் வைத்த மியூட் எல்லா இடத்துக்கும் போய்விடும். கான்ஃபிக் ஃபைலைக் கையால் திருத்துவதானால் நோட்பேட்++ ஐ முழுதாக மூடிவிட்டு வேறு எடிட்டரில் திறந்து திருத்துங்கள். அது மூடும்போது தன் நினைவில் இருக்கும் அமைப்புகளை அதே ஃபைலில் எழுதிவிடும். திறந்துவைத்துக்கொண்டு செய்த திருத்தம் காணாமல் போகும். போர்ட்டபிள் பதிப்பு என்றால் கான்ஃபிக் ஃபைல் ஆப்டேட்டாவில் இருக்காது, எடிட்டர் இருக்கும் ஃபோல்டரிலேயே இருக்கும்.

அது சரியாக இருந்தால் அடுத்து விண்டோஸ். "அண்ணே, பாட்டு நல்லாக் கேக்குது, பீப்பு மட்டும் வரல" என்பதுதான் பொதுவாக வரும் புகார். அதற்குக் காரணம் இருக்கிறது. நோட்பேட்++ தானாக ஒலி எழுப்புவதில்லை. "ஒரு பீப் கொடு" என்று விண்டோஸிடம் கேட்கிறது. விண்டோஸ் அதை "சிஸ்டம் சவுண்ட்ஸ்" என்ற தனிக் கணக்கில் ஒலிக்கிறது. பாட்டு ஓடுவது பிரவுசரின் கணக்கில். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறந்தால் இரண்டுக்கும் தனித்தனி அளவு இருப்பது தெரியும். சிஸ்டம் சவுண்ட்ஸ் 0 இல் இருந்தாலோ மியூட் ஆகியிருந்தாலோ பாட்டு முழங்கும், பீப் வராது. மிக்ஸரில் நோட்பேட்++ பெயரைத் தேடாதீர்கள், இருக்காது.

மிக்ஸர் சரி என்றால் சவுண்ட் ஸ்கீம். விண்டோஸ் + ஆர் அழுத்தி எம்-எம்-எஸ்-ஒய்-எஸ், புள்ளி, சி-பி-எல் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். வரும் ஜன்னலில் "சவுண்ட்ஸ்" டேப். மேலே ஸ்கீம் "நோ சவுண்ட்ஸ்" என்று இருந்தால் அதுதான் குற்றவாளி. "விண்டோஸ் டீஃபால்ட்" என்று மாற்றி அப்ளை கொடுங்கள். ஸ்டார்ட் ஆகும் சத்தம் பிடிக்காமலோ யுஎஸ்பி செருகும் சத்தம் தொந்தரவு என்றோ யாராவது மொத்தமாக அணைத்திருப்பார்கள். யுஎஸ்பி சத்தம் மட்டும் வேண்டாம் என்றால், கீழே பட்டியலில் அந்த நிகழ்வை மட்டும் தேர்ந்து "நன்" என்று வையுங்கள். ஸ்கீம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அதே பட்டியலில் "டீஃபால்ட் பீப்" வரியைப் பாருங்கள். ஒலி ஒதுக்கப்பட்ட வரிக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் படம் இருக்கும். படம் இல்லையா, ஒலி ஒதுக்கவில்லை. படம் இருக்கிறது, டெஸ்ட் பட்டன் அழுத்தினால் மௌனம் என்றால், அது காட்டும் ஃபைல் இருந்த இடத்தில் இல்லை அல்லது விண்டோஸுக்குப் புரியாத வடிவில் இருக்கிறது. இந்த இடத்தில் வேவ் ஃபைல் மட்டுமே செல்லும். எம்பி3 ஃபைலின் பெயர்க் கடைசியை மாற்றி வேவ் என்று எழுதினால் வேலைக்கு ஆகாது.

இனி வெளியே வருவோம். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகளில் முன்பக்க ஜாக்குக்குப் போகும் ஆடியோ வயர் மதர்போர்டில் செருகப்படாமலே விடப்பட்டிருக்கலாம். ஸ்பீக்கர் பின்னை பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் போட்டுப் பாருங்கள். மானிட்டர் எச்டிஎம்ஐ வயரில் இணைந்திருந்தால் விண்டோஸ் மானிட்டரையே ஒலிக்கருவியாக எடுத்துக்கொள்வதுண்டு. மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் ஒலி அங்கேயே அடங்கிவிடும். "ப்ளேபேக்" டேபில் உண்மையான ஸ்பீக்கரைத் தேர்ந்து "செட் டீஃபால்ட்" கொடுங்கள். மதர்போர்டில் மாட்டும் பஸ்ஸர் வாங்கிப் பயனில்லை: விண்டோஸ் 7 முதல் பீப் ஒலி சவுண்ட் கார்டு வழியாகத்தான் போகிறது. அந்த பஸ்ஸர் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பயாஸ் பீப்புக்கு உதவும், எடிட்டருக்கு உதவாது.

ப்ளூடூத் ஹெட்செட்டிலும் எச்டிஎம்ஐ ஒலியிலும் இன்னொரு சங்கடம். கொஞ்ச நேரம் ஒலி இல்லையென்றால் அந்த இணைப்பு உறங்கிவிடும். பீப் வரும்போது அது விழித்துக்கொள்ளவே அரை நொடிக்கு மேல் ஆகலாம். அதற்குள் பீப் முடிந்துபோயிருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பீப் கேட்கிறது, நிறுத்தினால் கேட்கவில்லை என்றால் இதுதான். மருந்து எளிது: ஆடாசிட்டியில் ஒரு மணியோசை வேவ் ஃபைலைத் திறந்து, முன்னால் 1 நொடி மௌனம் சேர்த்து, மறுபடி வேவ் ஆகவே எக்ஸ்போர்ட் செய்து, "டீஃபால்ட் பீப்" வரியில் அதை வைத்துவிடுங்கள். ஒலி ஒரு நொடி தாமதமாக வரும். வராமலே போவதற்கு அது மேல்.

வாடிக்கையாளரோடு கம்ப்யூட்டரிலேயே வாட்ஸ்அப் காலோ ஜூமோ பேசிக்கொண்டு புரூஃப் திருத்துகிறவர்கள், அதே சவுண்ட் ஜன்னலில் "கம்யூனிகேஷன்ஸ்" டேபைப் பாருங்கள். கால் வரும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பதுதான் விண்டோஸ் தானாக வைத்திருக்கும் அமைப்பு. "டூ நத்திங்" என்று மாற்றிவிட்டால் கால் நடுவிலும் பீப் கேட்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் வேறு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்தால், இணைக்கும் முன் "லோக்கல் ரிசோர்ஸஸ்" டேபில் ரிமோட் ஆடியோவை "ப்ளே ஆன் திஸ் கம்ப்யூட்டர்" என்று வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பீப் அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். "டூ நாட் டிஸ்டர்ப்" அமைப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பலன் இல்லை. அது நோட்டிஃபிகேஷன்களுக்கு மட்டும்.

ஆஃப்செட் மெஷின் ஓடுகிற இடத்திலேயே டைப்பிங்கும் நடக்கிறதென்றால் எந்த பீப்பும் காதில் விழாது. அங்கே செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, ஆடியோ பகுதியில், ஒலி எச்சரிக்கை வரும்போது திரையை மின்னவைக்கும் அமைப்பு இருக்கிறது. முழுத்திரையும் மின்னுவது கண்ணை உறுத்தும். ஓடும் ஜன்னல் மட்டும் மின்னினால் போதும்.

திரைவாசிப்பான் வைத்து வேலை செய்யும் பார்வைச் சவால் உள்ள தோழர்களுக்கு இந்த ஒலிகள் வசதிக்காக இருப்பவை அல்ல. அவர்களுக்குத் திரையே அதுதான். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு இடம் பாருங்கள். என்விடிஏ + ஷிஃப்ட் + டி அழுத்தினால் ஆடியோ டக்கிங் முறை மாறும். "எப்போதும் குறை" என்ற நிலையில் மற்ற ஒலிகள் எல்லாம் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். 2024.2 பதிப்பு முதல் என்விடிஏ + ஆல்ட் + எஸ் அழுத்தினால் சவுண்ட் ஸ்ப்ளிட்: பேச்சு ஒரு காதிலும் மற்ற ஒலிகள் இன்னொரு காதிலும் பிரியும். ஒற்றைக் காதில் மட்டும் இயர்போன் வைத்திருப்பவருக்கு, கை தவறி இந்த விசைகள் அழுந்தியிருந்தால், பீப் மறுகாதுப் பக்கம் போய்விடும்.

விஎஸ் கோட், விம்

விஎஸ் கோட் என்ற எடிட்டரின் கதை முற்றிலும் வேறு. அதன் ஒலிகளுக்கு 2024 முதல் ஆக்சசிபிலிட்டி சிக்னல்ஸ் என்று பெயர். அதற்கு முன் ஆடியோ க்யூஸ். பெரும்பாலான சிக்னல்கள் "ஆட்டோ" நிலையில் வருகின்றன. ஆட்டோ என்றால் திரைவாசிப்பான் ஓடினால் மட்டும் ஒலி. அது ஓடாத கம்ப்யூட்டரில் ஒலி வராமல் இருப்பது கோளாறு அல்ல, அதன் வடிவமே அதுதான். எஃப்1 அழுத்தி "லிஸ்ட் சிக்னல் சவுண்ட்ஸ்" என்று ஆங்கிலத்தில் தேடித் திறங்கள். மேல் கீழ் அம்புக்குறியால் நகர்ந்தால் ஒவ்வொரு ஒலியும் கேட்கும். இங்கே கேட்டால் ஸ்பீக்கர் பக்கம் சரி. வேண்டிய சிக்னலை செட்டிங்ஸில் "ஆன்" என்று மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அங்கேயே வால்யூம் தனியாக உண்டு, 100க்கு 70 என்று வருகிறது. விண்டோஸ் மிக்ஸரிலும் விஎஸ் கோட் தன் சொந்தப் பெயரில் வரும், சிஸ்டம் சவுண்ட்ஸில் சேராது.

"இந்த வரியில் பிழை" என்ற சிக்னல், கர்சர் அந்த வரிக்குப் போகும்போதுதான் ஒலிக்கும். பிழை தோன்றும் நொடியில் அல்ல. பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு எக்ஸ்டென்ஷனும் வேண்டும். வெறும் தமிழ் டெக்ஸ்ட் ஃபைலில் அப்படி எதுவும் இல்லாததால் ஒலிக்கவும் ஒன்றுமில்லை. சேமிக்கும் ஒலியை "யூசர் ஜெஸ்ச்சர்" என்று வைத்தால் நீங்களே கண்ட்ரோல் + எஸ் அழுத்தும்போது மட்டும் வரும், ஆட்டோ சேவுக்கு வராது. தேடியது கிடைக்கவில்லை என்பதை விஎஸ் கோட் எழுத்தில் மட்டுமே காட்டுகிறது. அதனால் கைப்பிரதி பார்த்துத் திருத்தும் வேலைக்கு நோட்பேட்++ ஐயே நான் சிபாரிசு செய்வேன்.

விம் என்ற எடிட்டரில் "பெல்ஆஃப்" அமைப்பின் மதிப்பைக் கேட்டுப் பாருங்கள். அதன் கிளையான நியோவிம்மில் அது எல்லாவற்றுக்கும் அணைக்கப்பட்டே வருகிறது. காலியாக்கினால் மணி திரும்பும். "விஷுவல்பெல்" ஆன் ஆகியிருந்தால் ஒலிக்குப் பதில் திரை மின்னும். உபுண்டுவில் டெர்மினலுக்குள் ஓடும் எடிட்டர் என்றால், டெர்மினல் ப்ரொஃபைலில் பெல் டிக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒலி சரி, தேடல்தான் தவறு

"ஃஃஃஃ" சோதனையில் பீப் ஒழுங்காக வருகிறது. ஆனால் பட்டியலில் இல்லாத பெயரைத் தேடினால் பீப் வரவில்லை. இருக்கும் பெயரைத் தேடினால் பீப் வருகிறது. நம் ஊர் மேட்டரில் இரண்டும் நடக்கும்.

முதலாவது, இனிஷியல். நகரத்தார் பெயர்களில் "ராம.", "சித.", "பழ.", "அரு.", "வீர." என்று புள்ளி வைத்த முன்னெழுத்துகள் வரிசையாக வரும். தேடும் பெட்டியின் அடியில் "சர்ச் மோட்" ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இருந்தால், அங்கே புள்ளி என்பது எந்த ஓர் எழுத்துக்குறியையும் குறிக்கும். "சித." என்று தேடினால் சிதம்பரம் என்ற பெயரிலும் போய் நிற்கும். கிடைத்துவிட்டதே, பீப் எதற்கு? முன்பு எப்போதோ வைத்த மோடை எடிட்டர் நினைவில் வைத்திருக்கும். ஒருவர் வரிகளை ஒழுங்குபடுத்த அதை மாற்றிவிட்டுப் போனால் அடுத்து உட்காருபவர் மாட்டிக்கொள்வார். பெயர் தேடும்போது "நார்மல்" மோட். ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேண்டும் என்றால் புள்ளிக்கு முன் பின்சாய்வுக்கோடு போட்டு "சித\." என்று தேடுங்கள்.

இரண்டாவது, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகள். யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக அடிக்க முடியும். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி ஒரே குறியீடாக வருவது ஒன்று. கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியீடாக வருவது இன்னொன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. நோட்பேட்++ இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. கீபோர்டில் அடித்த "கொப்புடையம்மன்" ஒரு வகை, பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்த "கொப்புடையம்மன்" இன்னொரு வகை என்றால் தேடல் பீப் அடிக்கும், கண்ணுக்கு முன்னால் சொல் இருக்கும். கண்டுபிடிக்கும் வழி: அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். "க" மட்டும் மிஞ்சினால் ஒற்றைக் குறியீடு. "கெ" மிஞ்சினால் கொம்பும் காலும் தனித்தனி. ஓகாரம், ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலை. "கௌரி" என்ற பெயரை கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரம் அடித்து "கெளரி" என்று வைத்திருப்பதும் நிறைய உண்டு. அது வேறு சொல்லாகவே கணக்காகும். பத்திரிகையின் தலையில் வரும் "ஸ்ரீ"யும் அப்படித்தான். "ஸ" எழுத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று, "ஶ" எழுத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று, பல ஃபாண்ட்களில் இரண்டும் ஒரே உருவம். அடுத்த கடையிலிருந்தோ மலேசியாவிலிருந்து வாட்ஸ்அப்பிலோ வந்த மேட்டரைத் திறந்ததும் இவற்றை ஒருமுறை ரீப்ளேஸ் ஆல் கொடுத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் திருத்த ஆரம்பியுங்கள். யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டில் அடித்த பழைய மேட்டர் என்றால் மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கும்வரை எந்தத் தமிழ்ச் சொல்லும் கிடைக்காது, ஒவ்வொரு தேடலும் பீப்தான்.

மூன்றாவது, விகுதி. "செட்டியார்" என்று தேடினால் "செட்டியாரவர்கள்" கிடைக்காது, ஏனென்றால் கடைசி எழுத்தின் புள்ளி அங்கே இல்லை. புள்ளியை விட்டு "செட்டியார" என்று தேடுங்கள்; எடிட்டர் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால் "செட்டியார்", "செட்டியாரின்", "செட்டியாரவர்கள்" மூன்றிலும் நிற்கும். "மேட்ச் ஹோல் வேர்ட் ஒன்லி" டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. வேர்டிலிருந்து வரும் மேட்டரில் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே வரி உடையாத இடைவெளி இருக்கலாம். ஸ்பேஸ் பார் இடைவெளியோடு அது பொருந்தாது. வியூ மெனுவில் ஷோ சிம்பல், அதில் "ஷோ நான்-பிரிண்டிங் கேரக்டர்ஸ்" கொடுத்தால் அவை பெயர் சொல்லிக்கொண்டு வெளியே தெரியும். ஒன்றைத் தேர்ந்து காப்பி செய்து, தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியில் சாதாரண ஸ்பேஸ் ஒன்று அடித்து ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். அடியில் வரும் எண்ணையும் பாருங்கள். அது 0 என்று காட்டினால் ஒட்டும்போது அந்தக் குறி தேடும் பெட்டிக்குள் வந்து சேரவில்லை.